அக்கரைச் சங்கிலி

எலியா தட்டைக் கையில் வாங்கி, விளிம்பைப் பெருவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். மகள் கொடுத்ததுதான். ஆனாலும் தடவிப் பார்க்காமல் எதையும் வாங்குகிற ஆள் இல்லை அவர்.

முன்னால் நெய்யாற்றின்கரைப் பார்க்கின் குளம். அக்கரையில் ஒரு இரும்புக் கம்பு, அதன் தலையிலிருந்து தொங்கும் சங்கிலிகள், அடியில் ஒரு கூடை. தட்டு குளத்தைத் தாண்டிப் பறந்து சங்கிலியில் அடித்துக் கூடைக்குள் விழவேண்டும். டிஸ்க் கோல்ஃப் என்று பேர்.

பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் மகள் ஜோஸ்னா படித்துக்கொண்டு வந்த விளையாட்டு. சபை வாலிபர்களைக் கூட்டி, நகரசபையில் அனுமதி வாங்கி, கூடைகளை நட்டவளும் அவள்தான். சோறு தின்கிற தட்டையா எறியுதானுவ என்று முதலில் கெக்கலித்தவர் எலியா. பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக நிற்பார்.

இன்றைக்கு நிற்பது விளையாட்டுக்கு இல்லை.

போன வாரம் அவருடைய ஸ்கூட்டர் சபைக் கேட்டில் போய் முட்டியது. கேட்டை எவனோ முன்னால் தள்ளி வைத்துவிட்டான் என்றார் அவர். ஜோஸ்னா கேட்கவில்லை. சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆப்பரேஷன் செய்தால்தான் சாவி என்றாள்.

அம்பூரி மலையில் ரப்பர் ஷீட் ஏற்றி, மழையிலும் மஞ்சிலும் ஜீப் ஓட்டியவரிடம் சொல்கிற பேச்சா இது? பார்வை தருகிறேன் என்று சொல்லிக் கண்ணிலேயே கத்தி வைக்கிறவனை எப்படி நம்புவது?

அதனால் அவரே பந்தயம் வைத்தார்.

"ஒரே எறி. தண்ணியில விழுந்தா நீ சொன்ன ஆசுபத்திரிக்கு வாறேன். கூடையில விழுந்தா சாவி எனக்காக்கும். பின்னே கண்ணப் பத்தி ஒரு அட்சரம் பேசப்பிடாது."

அக்கரையில், கூடைக்குப் பக்கத்தில், அவருடைய பெண்டாட்டி கிருபாபாய் குடையோடு நின்றாள்.

"கேட்டியளா, கூடை இஞ்சயாக்கும்! தட்டக் கொண்டு தவளைக்குக் குடுத்திராதீங்க!" என்று கூவி, சங்கிலியைப் பிடித்துக் குலுக்கினாள்.

வாலிபர்கள் சிரித்தார்கள்.

"அம்மா, ஒருத்தர் எறியும்போ சத்தம் போடப்பிடாது. அது சட்டம்," என்றாள் ஜோஸ்னா.

"சட்டம் உங்களுக்கு. எனக்கென்ன?" மறுபடியும் குலுக்கினாள்.

எலியா பல்லைக் கடித்தார். கட்டிய நாளிலிருந்து இவள் வாய்க்கு ஒரு மூடி கிடைக்கவில்லை. இடது காலை ஒரு சாண் நகர்த்தி ஊன்றினார்.

"கூடைக்கு மேல இருக்க மஞ்சப் பட்டை தெரியுதாப்பா?" என்றாள் ஜோஸ்னா.

"பின்னே தெரியாம? நீ அங்கோட்டு மாறி நில்லு."

அக்கரையில் சங்கிலி இன்னொரு தரம் குலுங்கி ஓய்ந்தது. அவர் மூச்சை அடக்கி, தோளோடு சேர்த்துக் கையைச் சுழற்றி எறிந்தார்.

தட்டு போய்க்கொண்டே இருந்தது. தண்ணீரில் விழுகிற சத்தம் எந்த நிமிஷமும் வரும் என்று காதைக் கொடுத்து நின்றார்.

சலங்!

"அடிபொளி அப்பாப்பா!" வாலிபர்கள் துள்ளிக் குதித்தார்கள்.

ஜோஸ்னா சாவியை அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சொன்ன சொல்லை மாற்றவில்லை. அந்த மட்டில் அவருடைய பிள்ளைதான்.

பார்க் வாசலில், ஜோஸ்னா ஓட்டிக்கொண்டு வந்த ஸ்கூட்டர் நின்றது. எலியா ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணினார். குளத்தைச் சுற்றிக்கொண்டு கிருபாபாய் வந்து சேர்ந்தாள்.

"ஏறுட்டி."

"நான் பஸ்ஸில வாறேன்."

"எட்டி, ஜெயிச்சுட்டு நிக்கேன். பிள்ளைக்க முன்ன வச்சு என்ன நாணங்கெடுக்காத."

கிருபாபாய் அவருடைய காதோரம் குனிந்தாள்.

"உங்க நாணம் கெடப்பிடாதுன்னாக்கும் சங்கிலியப் பிடிச்சுக் குலுக்கினது. ரோட்டுக்குச் சங்கிலி உண்டா?"

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வருஷமாக அந்த ஸ்கூட்டரை ஓட்டியது இரண்டு பேராக்கும். பின்னால் உட்கார்ந்து அவள் வலது தோளைத் தட்டினால் வலது. இடது தோளைத் தட்டினால் இடது. முதுகில் குத்தினால் பிரேக். சபைக் கேட்டுக்கு முன்னால் வந்தபோது அவளுக்கு ஒரு தும்மல் வந்துவிட்டது. அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான்.

இப்போது தோளில் கை இல்லை.

எதிரே எல்லாம் கஞ்சித்தண்ணி மாதிரி வெள்ளை. அதற்குள்ளிருந்து பஸ் ஹார்ன் ஒன்று அலறியது. எந்தப் பக்கத்திலிருந்து என்று பிடிகிடைக்கவில்லை.

ஆக்ஸிலரேட்டரில் கை வைத்தார். முறுக்கவில்லை.

பிறகு என்ஜினை நிறுத்திச் சாவியை உருவி, வாலிபர்களுக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்:

"ஜோஸ்னா மக்கா, இது தோத்தவன் தாற சாவி இல்ல. ஜெயிச்சவன் தாறதாக்கும். கேட்டியா? அந்தக் கண்ணு டாக்டரு என்னைக்கு வருவான்?"

நீட்டிய சாவியை ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. அந்தக் கையில் சங்கிலித் துரு மணந்தது.