உறுதியான தகவல்

“ஒரு வார்த்தை பொய்யின்னு காட்டுங்க சார், வேலையையே விட்டுடறேன்!” நிருபர் மார்தட்டினார்.

எதிரே நின்ற தலைமையாசிரியர் நாளிதழை அவர் மேசையில் விரித்தார். ‘கேள்வித்தாளை விற்றாரா தலைமையாசிரியர்? பதில் அளிக்கவில்லை!’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு.

“நான் வகுப்புல இருந்தேன் தம்பி. ஒரே ஒரு தடவைதான் போன் அடிச்சிருக்கு.”

“அடிச்சுதில்ல? நீங்க எடுக்கலேல்ல? நடந்ததைத்தான் எழுதினேன். படிக்கிறவங்க என்ன நினைச்சா எனக்கென்ன?”

தலைமையாசிரியர் நாளிதழை மடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

அடுத்த வாரம், கைகூடி வந்த கல்யாணம் வேண்டாமென்று பெண்ணின் அப்பா போனில் சொன்னதும் நிருபருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஏன் சார்?”

“உங்களை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட விசாரிச்சோம். குடிப்பீங்களான்னு கேட்டா, ‘குடிக்கிறதா இதுவரைக்கும் உறுதியான தகவல் இல்லை’ங்கறார். போலீஸ் கேஸ் உண்டான்னா, ‘எனக்குத் தெரிஞ்சு இன்னும் கைதாகலை’ங்கறார். சரி, உங்களையே கேட்டுடலாம்னு போன் பண்ணினோம். நீங்க எடுக்கலை.”

“மீட்டிங்ல இருந்தேன் சார்! எந்தப் படுபாவி அப்படிச் சொன்னது?”

“அப்படியெல்லாம் பேசாதீங்க. நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அவர். உங்க பத்திரிகையிலகூடப் போன வாரம் அவரைப் பத்திப் பெரிசா வந்திருந்ததே!”