தப்பான பிளேடு

அறுக்க வேண்டிய கருங்கல் இடுப்புயரத்துக்கு அடுக்கிக் கிடந்தது. கல் அறுக்க வேண்டியவளோ உடைந்த சிமென்ட் கல் ஒன்றை வைத்து அறுத்துக்கொண்டிருந்தாள். அது முடிந்ததும் இன்னொன்றை எடுத்தாள்.

சூப்பர்வைசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்துக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போகிற பாதை அது. ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிய வேண்டும். நேற்று ஒரே நாளில் பதினெட்டுக் கல் ஓரம் உதிர்ந்து வீணாகியிருந்தது. இன்றைக்கு என்னடா என்றால், வைரம் பதித்த பிளேடைக் குப்பைக் கல்லில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

மெஷினை நிறுத்தச் சொன்னார். இது என்ன விளையாட்டு என்று கேட்டார்.

அவள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு முகமூடியை இறக்கினாள். நாற்பது வயது இருக்கும். கோபப்படவில்லை.

“காலையில இந்த பிளேடு கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்துச்சு சார். இப்பத் தொட்டுப் பாருங்க.”

தொட்டார். பூனை நாக்குபோல் சொரசொரவென்று இருந்தது.

கருங்கல் அறுத்தால் வைரத் துணுக்குகளின் முனை மழுங்கிவிடுமாம். சுற்றியிருக்கும் உலோகம் தேய்ந்து கொடுத்தால்தான் உள்ளேயிருக்கும் அடுத்த வைரம் தலைகாட்டும். இந்த பிளேடில் உலோகம் ரொம்பக் கெட்டி, தேய்வேனா என்கிறது. அதனால் மணல் கலந்த சிமென்ட் கல்லில் ஓட்டி, அதைத் தேய்த்துவிட வேண்டியிருக்கிறது என்றாள்.

“கெட்டிக் கல்லுக்கு இளகின பிளேடு, இளகின கல்லுக்குக் கெட்டி பிளேடு. கேக்க ஏடாகூடமாத்தான் இருக்கும் சார்.”

அவருக்குச் சுருக்கென்றது.

மூன்று நாளைக்கு முன்பு அவள் சொன்னதும் இதுதான். பிளேடு பார்த்து எடுக்க நானும் கடைக்கு வரட்டுமா என்றுகூடக் கேட்டாள். கருங்கல்லுக்குக் கெட்டியானதுதானே வாங்க வேண்டும், இதற்கு ஒரு துணை வேறா என்று அவர் தனியாகப் போய் வாங்கிவந்தார்.

ஐம்பது வயதில் வேலை போய், எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர். மூன்று வாரம்தான் ஆகிறது. டீ குடிக்கிற நேரத்தில் அதை அவளிடமே சொல்லிப் புலம்பியிருந்தார்.

உடனே கடைக்குப் போன் போட்டார். சரியான பிளேடு வர ஒரு வாரம் ஆகும் என்று கையை விரித்துவிட்டார்கள்.

“விடுங்க சார். இதையே பழக்கிக்கலாம்” என்றாள் அவள்.

பழக்கத்தான் செய்தாள். ஒரேயடியாக அழுத்தாமல், ஒரு கல்லை மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாக்கி அறுத்தாள். பிளேடின் இரண்டு பக்கமும் நனைகிற மாதிரி தண்ணீர்க் குழாயைத் திருப்பி வைத்தாள். எட்டுக் கல்லுக்கு ஒருமுறை சிமென்ட் கல். நடுநடுவே சும்மா சுற்றவிட்டுச் சூடு ஆற்றினாள்.

சாப்பாட்டு நேரத்தில் பிளேடைக் கழற்றி, நடுத்துளையில் விரல் கொடுத்துத் தூக்கிப் பிடித்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். விரிசல் விட்டிருந்தால் சத்தம் செத்துப்போயிருக்குமாம். அது கணீரென்றது. அப்புறம்தான் சாப்பிடவே உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் தன் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மதியம் கடைசிக் கல் பதிந்தது. ஓரத்தில் ஒரு சில்லு உதிரவில்லை. அவர் காலி ஸ்ட்ரெச்சர் ஒன்றைக் கொண்டுவந்து பாதை முழுக்கத் தள்ளிப் பார்த்தார். ஒரு இடத்தில்கூடக் குலுங்கவில்லை. இது வெறும் கைவேலை இல்லை, வித்தை என்று தோன்றியது. அவளிடம் அதைச் சொல்லவும் செய்தார். அவள் சிரித்துவிட்டு மெஷினைக் கழுவப் போனாள்.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டுவிட்டார். பாதை பிரமாதம் என்றார். பிறகு, அந்தப் பதினெட்டுக் கல் எப்படி வீணாச்சு என்று கேட்டார்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் சூப்பர்வைசர் படியேறி வந்திருந்தார். வாயைத் திறந்தபோது அந்த எட்டு மாதம் கண்முன் வந்து நின்றது.

“கல் அறுக்கற அம்மா, பிளேடைத் தப்பா எடுத்துட்டாங்க சார்.”

முதலாளி கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

“அவங்களும் இதையேதான் சொன்னாங்க. நேத்து சாயங்காலம் வீட்டுக்கே வந்து, பிளேடு எடுத்தது நான்தான், புதுசா வந்த சாரை ஒண்ணும் சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டாங்க.”

சூப்பர்வைசர் தலை நிமிரவில்லை.

“பன்னெண்டு வருஷமா அவங்க எனக்குக் கல் அறுக்கறாங்க” என்றார் முதலாளி. “ஒரு தடவைகூட அவங்க பிளேடைத் தப்பா எடுத்து நான் பார்த்ததில்ல.”