ஜனவரிக்குப் பிறகு

"பாருங்க மேடம், தூசி." அகிலன் ஹெட்போனைத் தூக்கிக் காட்டினான்.

நிருஷா விரலால் தடவிப் பார்த்தாள். தூசிதான்.

உளவுத்துறை வரம்பு மீறுகிறதா என்று பார்த்து நாடாளுமன்றத்துக்குச் சொல்லும் மேற்பார்வைக் குழுவின் வழக்கறிஞர் அவள். முன்னறிவிப்பு இல்லாமல் டவுன்டவுன் அலுவலகத்துக்கு வந்திருந்தாள்.

அகிலன் அங்கே தமிழர்களின் தொலைபேசிப் பேச்சை ஒட்டுக்கேட்டு ஆங்கிலத்தில் எழுதுபவன். ஈழத்தமிழர் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் சிவநேசம் வீட்டுப் பேச்சை ஒரு வருடம் கேட்டான். உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஜனவரியில் நீதிபதி, போதும், நிறுத்துங்கள் என்றுவிட்டார்.

"அதுக்குப் பிறகு ஒருநாளும் கேக்கேல்லையோ?"

"ஓம் மேடம்... இல்ல மேடம். கேக்கல."

"சென்னைப் பிள்ளை. ஓம் எண்டுறீர்?"

"ஒரு வருஷம் காதுக்குள்ள இதே பேச்சுதானே மேடம். ஒட்டிக்கிச்சு."

அவள் சிரிக்கவில்லை. கேட்டதாகத் தெரிந்தால் வேலை போகும், வழக்கும் வரும். ஏப்ரல் குளிரிலும் அகிலனுக்கு வியர்த்தது.

கணினியைத் திறக்கச் சொன்னாள். இழுப்பறைகளைத் திறக்கச் சொன்னாள். ஜனவரிக்குப் பிறகு ஒரு பதிவும் இல்லை. கோப்பை மூடினாள்.

"சரி. இஞ்ச பிழை ஒண்டும் இல்லையெண்டு எழுதிறன்."

அகிலனுக்குக் கால் தரையில் பாவவில்லை. காபி குடிக்கிறீர்களா என்றான்; பதிலுக்குக் காத்திராமல் சர்க்கரை எவ்வளவு என்றான். அவளுடைய கோட்டை எடுத்து விரித்துப் பிடித்தான், தலைகீழாக. தன் குடையையும் சேர்த்து அவள் கையில் திணித்தான்.

"குடை என்ர இல்லைத் தம்பி."

"பரவாயில்ல மேடம், வச்சுக்குங்க!"

கோட்டைத் திருப்பி மாட்டிக்கொண்டே நிருஷா பெருமூச்சு விட்டாள். "சிவநேசம் அன்ரிதான் பாவம். மகள் அனுஷாவின்ர கலியாணம் குழம்பிப் போச்சாம்."

"ஐயோ, ஆமா மேடம்."

"மாப்பிள்ளைப் பெடியன் வேண்டாமெண்டிட்டானாம்."

"யாரு, எங்க ஆரூரனா? அபாண்டம் மேடம்!"

"பார்க் எக்ஸ் முழுக்க இதுதானே கதை. கல்நெஞ்சுக்காரன் எண்டு."

அகிலனுக்குப் பொறுக்கவில்லை.

"வேண்டாம்னு சொன்னதே அனுஷாதான் மேடம்! அவன் நேத்துகூட அவகிட்ட போன்ல அழுதான்!"