ஐந்தாவது கைதி

பாவத்தைச் சொல்ல அவர் முழந்தாளிட்டார்.

எதிரே நாற்காலியில் பாதிரியார் காத்திருந்தார். ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்தவர். இந்த ஊர்ப் பேச்சைத் தடுக்கித் தடுக்கிப் பேசுவார். ஆனால் பொறுமைசாலி.

முழந்தாளிட்டிருந்தவருக்கு இப்போது பெயர் மர்த்தீன். தலைநகர் தெனோச்டிட்லான் ஸ்பெயின்காரர்களிடம் விழுவதற்கு முன்பு குயிஷ்லி. அஸ்டெக் அரசரின் படைவீரர்.

பழைய சாமிகள் காலத்திலும் பாவத்தைச் சொல்லிக் கழிக்கலாம். ஆனால் ஆயுளுக்கு ஒரே முறை. இளவயதில் சொல்லித் தீர்த்துவிட்டுப் பிறகு தப்புப் பண்ணினால் போக்கிடம் கிடையாது. அதனால் விவரமானவர்கள் தலை நரைக்கட்டும் என்று பொறுத்திருப்பார்கள்.

இவரும் பொறுத்திருந்தார்.

நரைப்பதற்குள் கோவிலே போய்விட்டது. பூசாரியும் போய்விட்டார். பாவம் மட்டும் நெஞ்சில் அப்படியே கிடந்தது. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

பன்னிரண்டு வருஷம் யோசித்தார். கேட்கிற சாமி எதுவானால் என்ன என்று இன்றைக்கு வந்துவிட்டார்.

"ஒருத்தனை விட்டுட்டேன், சாமி."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். போரில் உயிரோடு பிடித்த கைதி. பிடித்தவர் கைதியை மகனே என்று அழைக்க வேண்டும். கைதி அவரை அப்பா என்று அழைக்க வேண்டும். அது முறை. அப்புறம் கோவில் உச்சிக்கு ஏற்றி, நெஞ்சைப் பிளந்து, இதயத்தைச் சூரியனுக்குக் கொடுக்க வேண்டும். சூரியன் பசித்திருந்தால் மறுநாள் உதிக்காது.

அந்தக் கைதி அப்பா என்று கூப்பிட்ட விதம் இவருக்குத் தாங்கவில்லை. வழியிலேயே கட்டை அவிழ்த்து, ஓடிப்போ என்றார். கைதி தப்பிவிட்டான் என்று ஊரில் பொய் சொன்னார்.

சூரியனின் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கியாயிற்று. அதனால்தான் எல்லாம் வந்தது. அரசர் செத்தார். நகரம் இடிந்தது. அம்மை வந்து வீடு வீடாக வாரிக்கொண்டு போனது. இவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் அதில்தான் போனார்கள்.

சொல்லி முடித்துத் தலை குனிந்தார்.

பாதிரியாரின் முகம் மலர்ந்துவிட்டது. இது பாவமே இல்லை, புண்ணியம் என்றார்.

கிழவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாவமில்லை என்றால் மன்னிப்பு எப்படிக் கிடைக்கும்? அப்படியானால் நகரம் ஏன் அழிந்தது என்று கேட்டார். அதையெல்லாம் இங்கே கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் பாதிரியார். வேறு கைதிகளைப் பிடித்ததுண்டா என்று விசாரித்தார்.

இவருடைய முதுகு தானாக நிமிர்ந்தது. அதற்கு முன் நாலு பேர் என்றார். நாலு பேரைப் பிடித்தவனுக்குத்தான் அரசர் கையால் சால்வை கிடைக்கும்.

"அவங்களை என்ன பண்ணினீங்க, பெரியவரே?"

"ஒரு குறையும் வைக்கல, சாமி. நாலு பேரையும் நானே மேல கூட்டிட்டுப் போனேன்."

பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு கையை உயர்த்தி, அந்த நாலு பேருக்காக அவரை மன்னித்தார்.

அவர் கேட்காத மன்னிப்பு அது.

வெளியே வந்தார். உச்சி வெயில். தவக்காலம் என்பதால் பாவம் சொல்ல வாசலில் இன்னும் இருபது பேர் வரிசையில் நின்றார்கள்.

பன்னிரண்டு வருஷமாக யாரும் சூரியனுக்கு எதுவும் கொடுக்கவில்லை. ஒருநாள்கூட அது உதிக்காமல் இருந்ததில்லை. தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இன்றைக்குத்தான் அதை நினைத்துப் பார்த்தார்.

அப்படியானால் அந்த நாலு பேர்?

முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. இரண்டாமவனுக்கு நெற்றியில் தழும்பு. மூன்றாமவன் படியேறும்போது தண்ணீர் கேட்டான்.

பிறகு மெதுவாக நடந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றார்.