தட்டிக் கேட்டுவிட்டு வரவேண்டும்

எழுபத்திரண்டாம் வருடம், கிழக்கேகோட்டையில் சிவதாணு குடியிருந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் கேசவபிள்ளை. ஓடு ஒழுகுகிறதா பார்க்கிறேன் என்று, சாப்பிடும் நேரத்திலும் மாற்றுச் சாவியால் திறந்துகொண்டு வந்து நிற்பார்.

ஒருநாள் சிவதாணு சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"கேசவன் சேட்டா, இனி தட்டிக் கேட்டுட்டு வாரும். வாடகைக்காரனுக்கும் சட்டமுண்டு."

"சட்டம்னா சட்டம், சாரே."

ஞாயிறு மத்தியானம் தட்டும் சத்தம் கேட்டது. சிவதாணு கதவைத் திறந்தால், வாசலில் யாருமில்லை. எதிர்ச் சாயாக்கடையில் பிள்ளை பரிப்புவடை தின்றுகொண்டிருந்தார்.

மறுபடியும் தட்டல். இந்தத் தடவை தலைக்கு மேலே, பூட்டிக் கிடந்த மச்சுக்குள்ளிருந்து. கூடவே பிள்ளையின் குரல்.

"சாரே, ஓடு மாத்தியாச்சு. இறங்கி வரட்டா?"

மனைவி உலகம்மை அவர் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம்னு சொல்ல சட்டம் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ சொல்லுங்க."

சொன்னார்.

"செரி, பிறகு கேக்கேன்" என்றது குரல்.

எதிரே பிள்ளை இன்னொரு சாயா சொன்னார். மச்சில் பாய் விரிக்கும் சத்தம் கேட்டது.