கழுதை என்ன டைப்?

கழுதையைப் பார்த்து, "இவரு ரொம்ப ஆழமா சிந்திக்கிற டைப்புங்க" என்றார் கணக்காளர்.

கடைசி நாற்காலியில் இருந்த ஓவியருக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. தும்மலாக மாற்றிக்கொண்டார்.

திரையில் நின்றது அவர் பெற்ற கழுதை. பதினோரு வருஷமாகக் குழந்தைகள் டிவியில் பார்க்கும் கார்ட்டூன் கழுதை. அவர் பென்சிலில் பிறந்து, இந்த ஸ்டூடியோவுக்கே சோறு போடும் கழுதை.

அதன் குணத்தைக் கண்டுபிடிக்கத்தான் கோட்டு போட்ட பயிற்சியாளர் அம்மாள் ஒருவர் வந்திருந்தார். உலகத்தில் மொத்தமே பதினாறு வகை மனிதர்கள்தானாம். கோடிக்கணக்கான ஜனங்களைப் பதினாறு டப்பாவில் போட்டு மூடியாயிற்று. பாக்கி இருந்தது இந்தக் கழுதை ஒன்றுதான்.

டைப் தெரிந்தால்தான் அடுத்த படத்தின் கதை முடிவாகும், யார் வரைவது என்பதும் இன்றே முடிவாகும் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஓவியரின் கை எப்போது தவறும், கழுதை எப்போது தங்கள் மடியில் விழும் என்று கம்ப்யூட்டரில் வரைகிறவர்கள் முன்வரிசையில் காத்திருந்தார்கள்.

"எப்பப் பாரு தலையை மட்டும் நீட்டிக்கிட்டு சுவத்துக்குப் பின்னாடியே நிக்குது. யாரையும் கிட்ட சேக்காது" என்றார் வசனகர்த்தா.

"சுவர் இல்லன்னா புதர், அதுவும் இல்லன்னா குப்பைத் தொட்டி. மனசைத் திறக்காத டைப், மேடம்" என்றாள் வரவேற்பறைப் பெண்.

"சின்ன வயசுல யாரோ உதைச்சிருக்காங்க" என்று கணக்காளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பயிற்சியாளர் அம்மாள் பலகையில் 'உள்முகம்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

ஓவியர் அந்த அறையில் இருந்த பதினெட்டுத் தலைகளையும் மனசுக்குள் ஒவ்வொன்றாகக் குட்டினார். மூளை என்ற சாமானை எல்லோரும் வீட்டில் பத்திரமாகப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். அந்தக் கழுதையின் ஒவ்வொரு கோடும் நான் போட்டது. அதில் இல்லாத மனசை இதுகள் கரண்டி வைத்துத் தோண்டுகின்றன. 'இதுகள்' என்றுதான் நினைத்தார். அதற்கு மேல் மரியாதை கொடுக்க மனம் வரவில்லை.

"நீங்க சொல்லுங்கண்ணே, உங்க பிள்ளை என்ன டைப்?" என்று வசனகர்த்தா திரும்பினார்.

"அது ஒரு டைப்பு."

யாரும் சிரிக்கவில்லை. பயிற்சியாளர் அம்மாள் அதையும் குறித்துக்கொண்டார்.

முதலாளி மேசையைத் தட்டினார்.

"ஆக, கூச்சந்தான் பிரச்சினை. அடுத்த படத்துல அது போயிடுது. சுவரைத் தாண்டிக் குதிக்குது, வெட்டவெளியில ஓடுது. படம் முழுக்க ஓட்டந்தான்! நம்ம அண்ணன்தான் வரையறார்."

கைதட்டலில் கூரை ஒரு முழம் மேலே போனது. முன்வரிசையில் முகங்கள் தொங்கின.

ஓவியர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"வேணாம் சார். மேடம் சொன்னது நூத்துக்கு நூறு. உள்முகம்னா உள்முகந்தான், சாகிற வரைக்கும் மாறாது. மாறாதுதானே மேடம்? கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்க மேடம்..."

பயிற்சியாளர் அம்மாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பெற்றவனுக்குத்தானே பிள்ளையின் வேதனை தெரியும் என்று அறையே உருகிப் போனது.

ஓவியர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். நடக்கும்போது கழுதை முதலில் எந்தக் காலைத் தூக்கும், அடுத்தது எந்தக் கால் என்பது, இந்தப் பதினோரு வருஷத்தில் ஒருநாளும் அவருக்குப் பிடிபட்டதில்லை.