கடைசிச் சிப்பி

நரின் நகரத்துப் பிரசவ மருத்துவமனை நடைக்கூடத்தில், வெளியே கிடக்கும் பனியின் வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து தரையில் வெளிறிக் கிடக்கிறது. அனர்குலின் மடியில் வெள்ளைக் கம்பளிப் போர்வை. பிறக்கும் பிள்ளை அழும் குரல் கேட்காமல் போர்வையின் ஓரப் பின்னலை முடிக்கக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது. ஆனால் பயத்தில் கை ஓடுகிறது. நீல நூல் பின்னல் சிப்பி வடிவத்தில், சிப்பி சிப்பியாக நாலு பக்கமும் சுற்றி வந்து, ஒரே ஒரு சிப்பிதான் பாக்கி. பல்லைக் கடித்துக்கொண்டு நூலை இழுக்கிறாள். ஒரு பக்கம் முழுக்கச் சரசரவென்று பிரிகிறது. மறுபடி குரோஷா ஊசி நுழைகிறது. “மூணாவது தடவையா பிரிக்கிறக்கா. பாக்கவே பதறுது” என்கிறான் தம்பி தாலாய். உள்ளே இருப்பது அவன் மனைவி. “அப்ப செவுத்தப் பாருடா.” உள்ளிருந்து வந்த முனகல் சட்டென்று நின்றுபோகிறது. கடிகாரம் மட்டும் கேட்கிறது. தாலாய் தொப்பியைப் பிசைகிறான். ஊசி மறுபடி கடைசிச் சிப்பிக்கு வந்துவிட்டது. பிரிக்க அவள் நூலைப் பிடிக்கும்போது, கதவுக்குப் பின்னால் இருமல் போல ஒரு சின்னச் சத்தம். பிறகு வீறிட்ட அழுகை.

“முடி அக்கா, முடி!”

இவ்வளவு நேரம் நிற்காமல் ஓடிய கைக்கு, இப்போது அந்தக் கடைசித் துளை அகப்படவில்லை.